கன்னியம்மா சாடைக்குத்தான் கெளம்பும்

எங்க வீட்டு பிக்கப் வண்டி ரொம்ப நாளா டீசல்ல ஓடல, சாடைப் பேச்சுலதான் ஓடுச்சு. இதை ஹாஸ்டல்ல சொன்னப்ப என்கூட மெக்கானிக்கல் படிக்கிறவ அத்தனை பேரும் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாளுக. சிரிக்கட்டும். அவளுக வீட்டுல எல்லாம் யாரும் யார்கூடயும் பேசாம இருந்ததே இல்ல போலருக்கு.

சாடைன்னா என்னன்னு எங்க ஊரு குருவிக்குளத்துப்பட்டியில கைப்புள்ளைக்குக் கூடத் தெரியும். ஒருத்தரோட பேச்சுவார்த்தை இல்ல, ஆனா பேசாம இருக்கவும் முடியலைன்னா, பக்கத்துல நிக்கிற ஆட்டைப் பாத்துப் பேசணும், கோழியப் பாத்துப் பேசணும், தண்ணிக் கொடத்தைப் பாத்துப் பேசணும். ஆடு அதுபாட்டுக்குத் தின்னுக்கிட்டிருக்கும், அடி போயி விழுற எடம் வேற. எங்கம்மா நாகஜோதியும், அதோட அண்ணன், எங்க மாமா மாயழகும், வண்டியப் பாத்துப் பேசுனாங்க.

ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டு வீடு, நடுவுல ஒரு வேப்பமரம், மரத்துல எஞ்சினத் தூக்குறதுக்கு ஒரு செயின் பிளாக், அதுக்குக் கீழ அந்த வண்டி. தாத்தா சாகும்போது ரெண்டு பேரு பேருக்கும் எழுதிவச்ச பழைய டீசல் பிக்கப்பு. முன்கண்ணாடிக்கு மேல 'கன்னியம்மா துணை'ன்னு எழுதியிருந்ததுல துணை அழிஞ்சு போயி கன்னியம்மா மட்டும் மிச்சம். வெளி மெக்கானிக்கு கையி அதுல பட்டதே கெடையாது. எல்லாம் வீட்டு வேலைதான். தக்காளிப் பொட்டி கூட ஏறணும்னு பின்னால பாடிய வெட்டி ஒரு முழம் நீட்டுனது அம்மா, பாரம் தாங்கணும்னு பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டையில ரெண்டு கூடுதலா சேத்துக் கட்டுனது மாமா. ரெண்டு பேரும் ஒரே வண்டிக்கு அடியில, ஒரே சாக்குல, ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல படுற மாதிரி மல்லாக்கப் படுத்துக்கிட்டு, மேல தொங்குற கியர் பாக்ஸைப் பாத்துப் பேசுவாங்க.

"கன்னியம்மா, பதினாலு-பதினஞ்சு ஸ்பேனரு சில பேரு முழங்கைக்குக் கீழ கெடக்கு. கண்ணு தெரிஞ்சா எடுத்துக் குடுக்கலாம்."

"கேக்குறவுகளுக்கு நாக்கு நீளமா இருக்கு கன்னியம்மா, கையும் நீளமா இருந்தா எட்டி எடுத்துக்கிறலாம்."

ஸ்பேனரு கைமாறும். மூஞ்சி மட்டும் திரும்பாது.

பேச்சு நின்னதுக்குக் காரணம் நானாம். நான் ஒண்ணும் பண்ணல, வயசுக்கு வந்தேன், அவ்வளவுதான்; அதை பிளக்ஸ் அடிச்சு, மைக்செட்டு கட்டி, சடங்குன்னு ஊரைக் கூட்டிச் சொன்னது இவங்க. வேணாம்னு நான் அழுதது ஒருத்தர் காதுலயும் ஏறல. தாய்மாமன்தான் சீர் கொண்டு வரணும், தாய்மாமன்தான் மொத மாலை போடணும். மாமாவும் சீர்த்தட்டு அத்தனையும் இதே கன்னியம்மால ஏத்திக்கிட்டு சீர் வாங்கப் போன ஒட்டன்சத்திரத்துல இருந்து கெளம்பி, ரயில்வே கேட்டு மேட்டுல வந்து வண்டி ஏர் புடிச்சு நின்னுபோச்சு. டீசல் வர்ற குழாய்க்குள்ள காத்து பூந்துட்டா எந்த எஞ்சினும் நகராது. பில்டர்ல நட்டைத் தெறந்து, கைப்பம்பை அமுக்கி அமுக்கி, நொரை நிக்கிற வரைக்கும் ஏர் எடுக்கணும். மாமா எடுத்தாரு, வண்டி கெளம்புச்சு, நின்னுச்சு, மறுபடி எடுத்தாரு. இங்கிட்டு அம்மா வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிது, நல்லநேரம் முடியப்போகுது, இனிமே ஒங்க அண்ணன் எங்க வரப்போறாருன்னு எவரோ சொல்ல, அம்மா கோவத்துல தலைய ஆட்ட, ஒன்னுவிட்ட மாமன் ஒருத்தரு மாலையத் தூக்கி என் கழுத்துல போட்டுட்டாரு.

அப்பத்தான் மாமா வந்தாரு. முழங்கை வரைக்கும் டீசல், வேட்டியெல்லாம் கரி, தலையில தாம்பாளம். என் கழுத்துல இருந்த மாலையப் பாத்தாரு, தட்டை எறக்கி வச்சாரு, ஒரு வாய்த் தண்ணி குடிக்காமப் போயிட்டாரு. செத்த நேரம் எனக்காகப் பொறுக்கலையேன்னு அவரு வருத்தம். ஒரு போன் பண்ணிச் சொல்லலையேன்னு அம்மா வருத்தம். என் வருத்தம் என்னன்னு இன்னைய வரைக்கும் யாரும் கேக்கல.

அதுக்கப்பறம் வண்டி ஒண்ணுதான் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வாயி.

இப்படியே இருக்கும்போது ஒரு ஆடி மாசம், டேங்க்கு ஓட்டையாயிருச்சுன்னு கழட்டி வேப்பங்கிளையில கமுத்திப் போட்டிருக்காங்க, பேட்டரி சார்ஜுக்குப் போயிருக்கு, மாமா பானட்டைத் தெறந்து டீசலப் பீச்சுற நாசிலத் தொடச்சுக்கிட்டிருக்காரு. அம்மா பாத்திரம் வெளக்கிக்கிட்டே சொல்லுச்சு: "ஏ கன்னியம்மா, மாமன் மாலைக்கே நேரத்துக்கு வராத கையி, ஒனக்கு மட்டும் நேரத்துக்கு டீசலக் கொண்டாந்துருமாக்கும்."

எஞ்சின் ஒரு இருமு இருமுச்சு. அப்பறம் ஓட ஆரம்பிச்சிருச்சு.

மாமா பேன் பெல்ட்டுல இருந்து கைய வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு. டேங்க்கு இருந்த எடத்தைக் குனிஞ்சு பாத்தாரு, மரத்துல தொங்குற டேங்க்கை நிமிந்து பாத்தாரு. "கன்னியம்மா, ஏரெல்லாம் போயிருச்சு போலருக்கு" அப்படின்னாரு. "டேங்க்கை ஒட்டுற வேலை மிச்சம்னு சொல்லு கன்னியம்மா" அப்படின்னுச்சு அம்மா. அம்புட்டுத்தான். அடுத்த லீவுக்கு நான் ஊருக்கு வந்தப்ப பஞ்சவர்ணம் அத்தை, அதான் மாமா பொண்டாட்டி, அந்த டேங்க்கை மேல்பக்கம் வெட்டி மண்ணைக் கொட்டி புதினா போட்டிருந்துச்சு. புதினா நல்லாத்தான் வந்திருந்துச்சு.

ஊரு இதை எடுத்துக்கிட்ட வேகம்தான் எனக்கு ஆத்தரம். ஒருத்தராவது, டீசல் இல்லாம எப்படிடா ஓடுதுன்னு கேக்கணுமே. எந்தச் சாடைக்கு எம்புட்டு தூரம் போகுதுன்னுதான் கேட்டாய்ங்க. 'நமக்கெல்லாம் யாரு இருக்கா'ங்கிறதுக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் போகும். 'சில பேருக்கு காசு வந்ததும் கண்ணு தெரியல' அப்படின்னா மார்க்கெட்டு வரைக்கும் போகும். 'நான் செத்தாத்தான் சில பேருக்கு நிம்மதி' அப்படின்னா லோடோட மேடு ஏறும், ஆனா எஞ்சின் சூடாயிரும், பாத்துச் சொல்லணும். சாடை விழ வேண்டிய ஆளு கேக்குற தூரத்துல இருக்கணும், ஆனா வண்டி ஓடும்போது யாரும் யாரையும் நேரா மூஞ்சியப் பாத்துப் பேசிறக்கூடாது, பேசிட்டா பொட்டுன்னு அணைஞ்சிரும். இவ்வளவுதான் வெவரம். இதை ஊரே மனப்பாடம் பண்ணிருச்சு.

தக்காளி லோடுக்கு வீட்டுக்கு ஒரு மாமியா மருமக ஜோடின்னு முறை போட்டாங்க. பங்காளிச் சண்டைக்காரங்க வெங்காயத்துக்கு. கோயில் கமிட்டியில பழைய தலைவரும் புது தலைவரும் முன்னால உக்காந்தா, சாமியே ஏறி உக்காந்தாலும் வண்டி ரெண்டாவது கியருக்கு எறங்காது. பிரசவத்துக்குப் போன ஒரு புள்ளைய அது புருசனும் மாமனாரும் வழிநெடுக ஒருத்தரை ஒருத்தர் சாடை பேசியே ஆஸ்பத்திரியில கொண்டுபோயிச் சேத்தாங்க, பொறந்த கொழந்தைக்கு கன்னியம்மான்னுதான் பேரு. பொகை டெஸ்டு எடுக்க வந்த மனுசன் சைலன்ஸர்ல குழாய விட்டுப் பாத்தாரு, ஒண்ணும் வரல, மிசின ரெண்டு தட்டு தட்டுனாரு, வெவரத்தைக் கேட்டதும் அவரே டிரைவர் சீட்டுல ஏறி, "ஏ வண்டி, எங்காபீஸ்ல ஒரு மேலதிகாரி இருக்காரு" அப்படின்னு ஆரம்பிச்சாரு. மேலதிகாரி பக்கத்துல இல்லாததால கெளம்பல. மறுவாரம் அவரையும் கூட்டிக்கிட்டு வந்தாரு.

ஊர்ல அடிதடி கொறஞ்சு போச்சு. நேரா சண்டை போட்டா சரக்கு வீணாப் போயிருமேன்னு எல்லாரும் மனசுல சேத்து வச்சுக்கிட்டாய்ங்க. அதைப் பாத்து, ஊரு திருந்திருச்சுன்னு பஞ்சாயத்துத் தலைவரு சொன்னாரு. "திருந்தல தலைவரே, ஊறப் போட்டிருக்கீங்க" அப்படின்னேன். அவரு எனக்குப் பதில் சொல்லாம பக்கத்துல நின்ன சைக்கிளப் பாத்து, படிச்ச புள்ளைகளுக்கு வாயி நீளம்னாரு.

என்னை அவங்களுக்குப் புடிக்காது. ஏன்னா எனக்குச் சாடை வராது. வார்டன்னாலும் பிரின்சிபால்னாலும் நேரா கேட்டுத்தான் பழக்கம், அதுக்காக வீட்டுக்கும் அனுப்பியிருக்காங்க. ஒருநாள் முன்சீட்டுல அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவுல உக்காந்து போறேன், மாமா வண்டியப் பாத்து, "கன்னியம்மா, சில பேரு கிளட்சுல காலை வச்சே ஓட்டுனா பிளேட்டு பொரியுமா பொரியாதா" அப்படின்னாரு. என்னால தாங்க முடியல. "மாமா, அம்மாவைத்தான சொல்றீங்க, அம்மாகிட்டயே சொல்லுங்களேன்" அப்படின்னேன். ஏத்தத்துல வண்டி அணைஞ்சு, பின்கதவு தெறந்து, தக்காளி அத்தனையும் ரோட்டுல உருண்டு ஓடுச்சு. அதுல இருந்து எனக்குப் பின்னாலதான் எடம், வாயத் தொறக்கக் கூடாதுங்கிற கண்டிசன்ல. டீக்கடைப் பக்கம் போனாலே, வண்டிய அணைக்கிறவ வந்துட்டாடான்னு சொல்லுவாய்ங்க.

போன மார்கழியில மாமா பட்டைக்கு கிரீஸ் அடிச்சுக்கிட்டே வண்டிகிட்ட சொன்னாரு: "கன்னியம்மா, தை பொறந்தா நானும் பஞ்சவர்ணமும் திருப்பூரு போறோம். மகன் மாடி வீடு புடிச்சிருக்கான், வா வான்னு கூப்புடுறான். இங்க இருந்து என்னத்தக் கண்டேன். இருன்னு ஒரு வாய் சொன்னா இருந்துருவேன். சொல்லத்தான் ஆளில்ல."

அந்த ஒரு சாடைக்கு வண்டி காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் நின்ன எடத்துலயே ஓடிக்கிட்டிருந்துச்சு. யாராலயும் அணைக்க முடியல.

அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்துச்சு. "போறவுகளுக்கு வழிக்கு இட்லி கட்டணுமா, புளிச்சோறு கட்டணுமான்னு கேட்டுச் சொல்லு கன்னியம்மா" அப்படின்னுச்சு. கண்ணு செவந்திருந்துச்சு. வெங்காயம்தானாம்.

ஊரே எங்க காம்பவுண்டுக்குள்ள கூடிருச்சு. மத்தவங்க சாடைக்கும் வண்டி ஓடும்தான், ஆனா முழு லோடோட மேடு ஏறணும்னா அம்மாவும் மாமாவும் முன்னால உக்காந்தாத்தான் உண்டு. தலைவரு வண்டி முன்னால நின்னு, "கன்னியம்மா, ஒரு மனுசன் கெளம்பிட்டா ஊர்த் தக்காளி கதி என்னன்னு அவரு யோசிக்க வேணாமா" அப்படின்னாரு. மாமா வேப்பமரத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறம் எல்லாரும் என்னைய மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போனாங்க.

"ஏத்தா பவதாரணி, நீ பாட்டுக்கு அண்ணனையும் தங்கச்சியையும் சேத்து வச்சுறாத" அப்படின்னாரு தலைவரு. "பேசிட்டாங்கன்னா வண்டி போச்சு. அவரு போயிட்டாலும் வண்டி போச்சு. போகவும் கூடாது, பேசவும் கூடாது. அது மாதிரி பாத்துக்க."

"ஒங்க தக்காளி போயிச் சேர்றதுக்கு எங்கம்மா ஊமையாவே இருக்கணுமா?"

"ஊமையா? ஒங்கம்மாவா?" அப்படின்னு ஒரு கெழவி கேட்டதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கே சிரிப்பு வந்துச்சு, அந்த ஆத்தரத்துல சிரிக்கல.

அன்னைக்கு அம்மாவை நான் விடல. "போகாதேன்னு சொல்லேன்மா. ஒரே ஒரு சொல்லு. இதுக்கு என்ன லைசென்ஸா வேணும்?"

"சொல்ல மாட்டேன்னா சொல்றேன்" அப்படின்னுச்சு அம்மா. ஏர் பில்டரை தட்டித் தட்டி தூசிய எடுத்துக்கிட்டிருந்துச்சு, ரொம்ப நேரம் தட்டுச்சு. "வரமாட்டேங்குதுடி. அண்ணேங்கிற சொல்லு இங்கன வந்து ஏர் புடிச்சு நிக்குது." தொண்டையத் தொட்டுக் காமிச்சுச்சு.

"ஏர் எடுக்கணும்னா நட்டைத் தெறக்கணும்."

"எந்த நட்டுன்னு தெரிஞ்சா நான் தெறக்க மாட்டேனா? இத்தனை வருசமா வண்டியக் கழட்டிக் கழட்டி என்னத்தத் தேடுறேன்னு நெனச்ச?"

ஏர் பில்டரை அம்மா கையில இருந்து வாங்கி நான் தட்டுனேன்.

தை பொறந்துச்சு. கன்னியம்மாலயே சாமானை ஏத்துனாங்க. கட்டில், பீரோ, கிரைண்டரு, அத்தையோட புதினா டேங்க்கு. வேற வண்டி வச்சுப் போங்கன்னு யாரோ சொன்னதுக்கு, என் வண்டி இருக்கும்போது நான் ஏன் வாடகைக்கு ஏறணும்னுட்டாரு மாமா. ஓட்டுறது அம்மா, பக்கத்துல மாமா. நானும் அத்தையும் பின்னால கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல, முன்னால பாத்து உக்காந்திருந்தோம். கேபினுக்குப் பின்னால கண்ணாடி இல்ல, வெறும் கம்பிதான், பேசுறது எல்லாம் கேக்கும். ஏறும்போதே அம்மா சொல்லிருச்சு, இன்னைக்கு நீ வாயத் தொறந்த, அப்பறம் எனக்கு மக இல்லேன்னு.

இதுல இருக்குற கொடுமையப் பாருங்க. மாமாவை அனுப்பணும்னா வண்டி ஓடணும், வண்டி ஓடணும்னா அம்மா சாடை பேசணும், பேசப் பேச மாமா தூரமாப் போய்க்கிட்டே இருப்பாரு. என் ஒரு சொல்லு போதும், வண்டி நின்னுரும். ஆனா நான் நிறுத்துனா அது நான் நிறுத்துனது. இன்னொருத்தர் போட்ட மாலை மாதிரி. துப்பட்டா முனைய வாயில வச்சு அடைச்சுக்கிட்டேன்.

"கன்னியம்மா, தங்கச்சி வீட்டு வாசலை விட மகன் வீட்டு மாடி ஒசரமாம்" அப்படின்னுச்சு அம்மா. வண்டி ஊரைத் தாண்டுச்சு.

"கன்னியம்மா, தாழ்வா இருந்தாலும் வாசல்ல வான்னு ஒரு சொல்லு இருந்தா ஒசரந்தான்" அப்படின்னாரு மாமா. மூணாவது கியரு.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா சொல்லுச்சு, "கன்னியம்மா, திருப்பூர்ல தண்ணி உப்பாம். முட்டி வலிக்காரவுக வெந்நி போட்டுத்தான் குளிக்கணும்னு சொல்லு." வண்டி தொய்ஞ்சு போச்சு. அதுல சாடை இல்ல, அதான். அம்மாவுக்கும் தெரிஞ்சு போச்சு, அவசரமா, "சில பேருக்கு மருமக கையால வெந்நி கெடைச்சா ஜென்மம் தீந்துரும்" அப்படின்னு சேத்துச்சு. மறுபடி ஓடுச்சு.

"கன்னியம்மா, கிளட்சு பிளேட்டு ரொம்ப நாளைக்குத் தாங்காது. நானில்லேன்னு வெளி மெக்கானிக்குகிட்ட விட்டா எஞ்சின் ஹெட்டையே அரைச்சுக் கெடுத்துருவாய்ங்க" அப்படின்னாரு மாமா. மறுபடி தொய்வு. அத்தை என் கையப் புடிச்சுக்கிட்டு, கம்பி வழியா ரெண்டு பேரு பின்மண்டையையும் மாறி மாறிப் பாத்துச்சு.

ரயில்வே கேட்டு மேட்டுக்கு வந்தோம். கேட்டு அடைச்சிருந்துச்சு. அதே மேடு, அதே கல்லு. அந்தக் கல்லு மேல தட்டுகள எறக்கி வச்சுட்டுத்தான் மாமா அன்னைக்கு ஏர் எடுத்தாராம். பழனி ரயிலு போச்சு. ரெண்டு பேரும் பேசல. எஞ்சின் சத்தம் மெலிஞ்சு மெலிஞ்சு, இந்தா அந்தான்னு துடிச்சுக்கிட்டிருந்துச்சு. கேட்டு தெறந்துச்சு. பின்னால நின்னவனெல்லாம் ஆரனை அமுக்குறாய்ங்க. நகரணும்னா ஒரு சாடை வேணும், நல்லா ஒறைக்கிற மாதிரி ஒண்ணு.

"கன்னியம்மா" அப்படின்னுச்சு அம்மா. நின்னுச்சு.

"கன்னியம்மா, அன்னைக்கு" அப்படின்னுச்சு. மறுபடி நின்னுச்சு. துப்பட்டா என் தொண்டை வரைக்கும் போயிருச்சு.

அம்மா கியர்ல இருந்து கைய எடுத்துச்சு. திரும்புச்சு. அத்தனை வருசத்துல மொத தடவையா மாமா மூஞ்சிய நேராப் பாத்துச்சு.

"அண்ணே" அப்படின்னுச்சு. "போகாத."

கன்னியம்மா பொட்டுன்னு அணைஞ்சு போச்சு. தரையில காதை வச்சாக் கூட ஒரு அதிர்வு இல்ல, அப்படி அணைஞ்சுச்சு. பின்னால ஆரன் சத்தம் மட்டும். மாமா அம்மாவையே பாத்தாரு. தாடை ஆடுது, மீசை ஆடுது, கண்ணு நெறஞ்சு நிக்குது, இப்ப என்னவோ பெருசாச் சொல்லப் போறாருன்னு நானும் அத்தையும் கம்பியில மூஞ்சிய வச்சு அமுக்கிக்கிட்டு நிக்கிறோம்.

"மொதல்ல ஹேண்ட் பிரேக்கைப் போடு நாகு" அப்படின்னாரு. "வண்டி பின்னால உருளுது. பால் வண்டிக்காரன் கத்துறான் பாரு."

அம்மா பிரேக்கை இழுத்துச்சு. அப்பறம் ரெண்டு பேரும் ஸ்டியரிங்கைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. தோளு குலுங்குச்சு, சிரிக்கிறாங்களா அழுகுறாங்களான்னு பின்னால இருந்து பாத்தா தெரியல. பால் வண்டிக்காரரு எறங்கி வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போனாரு.

மார்க்கெட்டுக்குப் போன எங்கூருக்காரங்க பஸ்ஸுல அந்த வழியாத்தான் வந்தாங்க. எறங்குனாங்க, வெவரத்தைக் கேட்டாங்க, தலையில கைய வச்சாங்க. தலைவரு என்னைப் பாத்து, "நீதான வாயத் தொறந்த" அப்படின்னாரு. நேராவே கேட்டாரு. நான் வாயில இருந்து ஈரத் துப்பட்டாவை எடுத்துக் காமிச்சேன். அப்பறம் எல்லாரும் வைஞ்சுக்கிட்டே, ஒருத்தரை ஒருத்தர் மூஞ்சிக்கு நேராவே வைஞ்சுக்கிட்டு, வண்டிய வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்தாங்க. சேத்து வச்சிருந்ததெல்லாம் அந்த ரோட்டுல தீந்துச்சு. வழியில யாரும் களைச்சு உக்காரல.

வண்டி இப்ப டீசல்ல ஓடுது. அதாவது ஓடுற அன்னைக்கு ஓடுது, மத்த நாளு முன்ன மாதிரி ஏர் புடிச்சு நிக்குது. அம்மாவும் மாமாவும் எந்த நட்டுல லீக்குன்னு நேருக்கு நேரா சண்டை போட்டுக்கிட்டு வண்டிக்கு அடியிலயே கெடக்குறாங்க. கொஞ்ச நாளைக்கு ஊரு கன்னியம்மாவைப் பாத்து, சில பேரு வாய அடக்கியிருந்தா ஊரு நல்லா இருந்திருக்கும்னு என்னையச் சாடை பேசிப் பாத்துச்சு. ஒரு இருமலு கூட வரல.

ஆனா டீசல்ல ஓடணும்னா டேங்க்கு வேணும்ல. தள்ளிக்கிட்டு வந்த அன்னைக்கே மாமா வெட்டுன டேங்க்கை ஒட்டணும்னு உக்காந்துட்டாரு, அத்தை புலம்பிக்கிட்டே புதினாவை வேரோட புடுங்குச்சு, ரெண்டு வீட்டுக்கும் புதினாத் தொவையல்தான், அம்மா அரைச்சுச்சு. மாமா எங்க வீட்டுல வந்து உக்காந்து ஒரு செம்புத் தண்ணிய மடமடன்னு குடிச்சுட்டு தட்டை முன்னால இழுத்தாரு.

"உப்பு கூடிப்போச்சாண்ணே?" அப்படின்னுச்சு அம்மா, மூஞ்சியப் பாத்து.

"ஆமா" அப்படின்னாரு மாமா, மூஞ்சியப் பாத்து.

அம்மா மூஞ்சி மாறுச்சு. வாசல்ல நின்ன வண்டிப் பக்கம் திரும்புச்சு, வாயத் தொறந்துச்சு, மூடுச்சு. மெதுவா மாமா பக்கமே திரும்பி வந்துச்சு.

"அப்ப நாளைக்கு நீயே அரை."